எந்த ஊர், எந்தத் தெரு?

கேள்வி: நாங்குநேரி வட்டத்தில் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன் நான். என் மகன் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பைக்கில் போய் வருகிறான். பக்கத்து ஊரில் சாதிப் பகையால் ஒரு கொலை நடந்த பிறகு, சோதனைச் சாவடியில் அவனை மூன்று முறை நிறுத்தியிருக்கிறார்கள். லைசென்ஸைப் பார்த்த பிறகும் "எந்த ஊருடே? எந்தத் தெரு? யார் மவன் நீ?" என்று கேட்டு, நோட்டில் எழுதிக்கொண்டு, செல்போனில் படமும் எடுத்தார்கள். பின்னால் உட்கார்ந்து வந்த நண்பனும் எங்கள் ஊர்தான், தெரு வேறு. அவனிடம் போன் நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டார்களாம். மூன்றாம் முறை ஸ்டேஷனுக்குக் கூட்டிச் சென்று மாலை வரை உட்காரவைத்து, எழுதாத தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். இப்போது இரவு பத்து மணிக்கு மேல் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து "பையன் இருக்கானா?" என்று கேட்கிறார். நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கை மகன், "மாமா, இங்கே கறுப்பினத்தவருக்கு நடப்பதுதான் இது" என்கிறான். ஆனால் அந்தக் கொலையில் பிடிபட்டவர்கள் எங்கள் தெருக்காரர்கள்தான் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அப்படியிருக்க, போலீஸ் எங்கள் பிள்ளைகளை விசாரிப்பதைத் தவறு என்று சொல்ல முடியுமா? புகார் கொடுத்தால் பகை வளருமா? நாளைக்கு அவன் அரசு வேலைக்கு இது தடையாகுமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் சாதி எதுவென்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை. ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் மட்டும் மாறி, இதே கடிதம் எதிர்த் தெருவிலிருந்தும் என் அலுவலகத்துக்கு வருகிறது. இந்தச் சீமையில் எந்தத் தரப்பில் கொலை விழுந்தாலும், அடுத்த சில வாரங்களுக்கு ஏதோ ஒரு தெருவின் பிள்ளைகள் பைக்கை எடுக்கத் தயங்குவார்கள். அது எந்தத் தெரு என்பதுதான் மாறுமே தவிர, சாவடியில் கேட்கப்படும் கேள்வி மாறுவதில்லை.

நீங்கள் கேட்டவற்றுள் கடினமானது, பிடிபட்டவர்கள் எங்கள் தெருக்காரர்களாக இருக்கும்போது போலீஸ் விசாரிப்பதில் என்ன தவறு என்பதுதான். பெரும்பாலோர் இந்தக் கேள்வியை விழுங்கிவிட்டுத்தான் வக்கீலிடம் வருகிறார்கள்; நீங்கள் மறைக்காமல் எழுதியிருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

விசாரிப்பதில் தவறில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் செல்போனிலிருந்து உங்கள் மகனுக்கு அழைப்பு போயிருந்தால், சம்பவ இடத்தில் பார்த்த பைக்கின் எண் அவனுடையதோடு ஒத்திருந்தால், சாட்சி ஒருவர் சொன்ன உயரமும் சட்டையும் அவனுக்குப் பொருந்தினால், அவனை அழைத்துக் கேட்பது போலீஸின் கடமை. கேட்காமல் விட்டால்தான் குறை. ஆனால் தெரு என்பது இவற்றில் எதுவும் ஆகாது. அந்தத் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும், பீடி சுற்றும் அம்மாவுக்கும், உங்கள் மகனுக்கும், கொலை செய்தவனுக்கும் பொதுவாக இருக்கும் ஒன்று, இவர்களில் யார் எதைச் செய்தார்கள் என்பதை எப்படிச் சொல்லும்? இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டின் காவல் சான்றுச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட நடைமுறை விதிகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கின்றன: தேடப்படும் ஒருவரைப் பற்றிய அடையாளக் குறிப்பில் இனம் இடம்பெற்றிருந்தால் அதைக் கணக்கில் கொள்ளலாம், அப்படி எதுவும் இல்லாதபோது ஒருவரின் இனத்தையே சந்தேகத்துக்கான காரணமாக்கக் கூடாது.

அதிகாரிகள் தரப்பில் இன்னொரு நியாயமும் சொல்வார்கள். நடந்த கொலையைத் துப்பறிவது ஒரு வேலை, அதற்குப் பழிக்குப் பழியாக அடுத்த கொலை விழாமல் தடுப்பது இன்னொரு வேலை. இரண்டாவதற்கு இரு தரப்பு இளைஞர்களின் நடமாட்டமும் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். இதை நான் அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டேன். பழிவாங்கும் கொலை ஏட்டில் மட்டும் இருக்கும் அச்சமன்று. 2021 ஏப்ரலில் பாளையங்கோட்டை மத்திய சிறைக்குள்ளேயே ஓர் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். ஊர் முகப்பில் பிக்கெட் போடுவதும், இரவில் ரோந்து வருவதும், சாவடியில் வருகிற வண்டிகளை எல்லாம் நிறுத்துவதும் இந்தக் காரணத்தால் நியாயமாகும். ஆனால் பழிக்குப் பழி என்று வந்தால் வெட்டுகிறவனும் வெட்டுப்படுகிறவனும் வேறு வேறு தெருவில்தானே இருப்பார்கள்? தடுப்பதுதான் நோக்கமென்றால் பின்னால் உட்கார்ந்திருந்த பையனின் தெருவையும் எழுதியிருக்க வேண்டும், அல்லது இருவர் தெருவையும் விட்டிருக்க வேண்டும். ஒரே பைக்கில் வந்த இருவரில் ஒருவனுக்குத் தெருவும் மற்றவனுக்குப் போன் நம்பரும் எழுதப்பட்ட இடத்தில் அந்த நியாயம் உடைந்துபோகிறது.

உங்கள் மருமகன் சொன்ன ஒப்பீட்டுக்கு வருகிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968இல், குற்றம் நடக்கிறது என்று சந்தேகிக்க, எடுத்துச் சொல்லத்தக்க காரணம் இருந்தால் ஒருவரை வழியில் நிறுத்தி, ஆயுதம் இருக்கும் என்று அஞ்சினால் மேலோட்டமாகத் தடவியும் பார்க்கலாம் என்று அனுமதித்தது. 1996இல் இன்னும் ஒரு படி போய், போக்குவரத்து விதியை ஓட்டுநர் உண்மையிலேயே மீறியிருந்தால், அவரை நிறுத்திய போலீஸ்காரரின் உள்நோக்கம் என்ன என்று அரசியல் சட்டத்தின் தேடுதல் விதியின் கீழ் ஆராய வேண்டியதில்லை என்றது. இந்த இரண்டு வாசல்களின் வழியாகத்தான் அங்கே நிறம் பார்த்து நிறுத்துவது வளர்ந்தது. (நம் ஊரில் இரண்டாவது வாசலுக்குப் பெயர் ஹெல்மெட். அதை மகன் ஒருநாளும் மறந்துவிட வேண்டாம்.)

நியூயார்க் நகரப் போலீஸ் 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை 44 லட்சம் முறை ஆட்களை நிறுத்தியது. அவற்றில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். நிறுத்தியவற்றில் நூற்றுக்கு 88 கைதிலும் முடியவில்லை, அபராதச் சீட்டிலும் முடியவில்லை. உடலைத் தடவிப் பார்த்ததில் நூற்றுக்கு 98.5 முறை ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. கறுப்பினத்தவரை நிறுத்தியபோது ஆயுதம் சிக்கியது நூற்றுக்கு 1.0, வெள்ளையரை நிறுத்தியபோது 1.4. அதாவது, யாரைக் கூடுதலாகச் சந்தேகித்தார்களோ அவர்களிடம் குறைவாகவே கிடைத்தது. 2013 ஆகஸ்டில் நீதிபதி ஷைரா ஷைண்ட்லின், அந்த நடைமுறை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தார். 2011இல் மட்டும் 6,85,724ஆக இருந்த நிறுத்தல்கள் 2015இல் ஏறக்குறைய 22,500ஆகச் சுருங்கின. கொலைகள் பெருகும் என்று சொன்னவர்களின் ஆருடம் பலிக்கவில்லை, அந்த ஆண்டுகளில் நகரத்தில் கொலைகள் குறைந்தே இருந்தன.

இந்த எண்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்பதை உங்கள் மருமகன் சொல்லியிருக்க மாட்டார். நியூயார்க் போலீஸ்காரர் ஒருவரை நிறுத்தினால் யூ.எஃப்-250 என்ற படிவத்தை நிரப்பியாக வேண்டும். ஏன் நிறுத்தினேன், தடவிப் பார்த்தேனா, என்ன கிடைத்தது என்றெல்லாம் அதில் கட்டங்கள் இருந்தன. போலீஸே எழுதிய படிவங்களை வைத்துத்தான் போலீஸின் மீது வழக்கு வென்றது. இங்கே சாவடியில் இருப்பது ஒரு பள்ளிக்கூட நோட்டு. அதில் பெயர், வண்டி எண், ஊர், தெரு எல்லாம் இருக்கும். ஏன் நிறுத்தினோம் என்பதற்கு மட்டும் இடம் இருக்காது. என் கருத்தில் நம் பிரச்சினையின் வேர் அந்த இல்லாத கட்டத்தில் இருக்கிறது. காரணத்தை எழுத வேண்டிய கட்டாயம் வந்தால், "அந்தத் தெரு என்பதால்" என்று எந்த ஏட்டும் எழுத மாட்டார்; எழுத முடியாத காரணத்துக்காக நிறுத்துவதும் மெல்லக் குறையும். கீழே நான் சொல்லப்போகும் யோசனைகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

ஒப்பீடு ஓரிடத்தில் விலகுகிறது. அங்கே நிறம் தூரத்திலேயே தெரிந்துவிடும். இங்கே சாதி முகத்தில் தெரிவதில்லை, ஆகவே கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது, அல்லது மணிக்கட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளி மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யச் சொன்னது நினைவிருக்கும். உங்கள் மகன் கயிறு கட்டுகிறவனா என்று எனக்குத் தெரியாது. கட்டுகிறவன் என்றால் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். வழக்கறிஞனாக நான் கவனிப்பது வேறு: கேட்டு அறிய வேண்டியிருப்பதால், கேட்ட கேள்வியே சான்றாகிறது. "எந்தத் தெரு?" என்ற கேள்விக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் வேலை இல்லை. சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்று 130ஆவது பிரிவு சொல்கிறது. உரிமத்தில் முகவரியும் இருக்கிறது. அதற்கு மேல் தெருவைக் கேட்பது எதற்கென்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சாதி மோதலைத் தவிர்க்கத்தான் சாதி பார்க்கிறோம் என்ற வாதத்துக்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது, அதுவும் நம் பாளையங்கோட்டையை வைத்தே. மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனிப் பிளாக்குகளில் அடைக்கிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒருவர் வழக்குத் தொடுத்தார். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் மோதல்கள் அடிக்கடி நடப்பதால் அசம்பாவிதத்தைத் தவிர்க்கவே அப்படிச் செய்கிறோம் என்று அரசுத் தரப்பில் சொன்ன விளக்கத்தை அப்போது உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்த சுகன்யா சாந்தா வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்தப் பார்வையை ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது நிர்வாகத்தின் பொறுப்பு, அதற்காகச் சாதிவாரியாகப் பிரிக்கும் வழியை நாட முடியாது என்று சொன்னதோடு, இத்தகைய தர்க்கம் ஒரு காலத்தில் அமெரிக்காவில் இன ஒதுக்கலைச் சட்டப்படியானதாக்கிய தர்க்கத்தைப் போன்றது என்றும் சுட்டியது. உங்கள் மருமகனின் ஒப்பீடு மிகையென்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம். சிறை மதிலுக்குள் செல்லாத காரணம் நான்கு வழிச் சாலையில் எப்படிச் செல்லும் என்பதே நான் மனுவில் எழுதும் முதல் வாதமாக இருக்கும்.

பழைய கதையையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். 1871இல் வட இந்தியாவுக்காகக் கொண்டுவரப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தென் மாவட்டங்களில் நம் தாத்தாக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். இன்னாருக்குப் பிறந்தவன் என்பதாலேயே ரேகை வைத்து, வெளியூர் போக அனுமதி கேட்டு நின்ற காலம் அது. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31 அன்றும் அது ஒழிந்தது. 2024 மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம், சரித்திரப் பதிவேடுகள் (குற்றப் பின்னணி உடையவர்களைக் கண்காணிக்கப் போலீஸ் வைத்திருப்பவை) சில சமூகங்களைச் சேர்ந்தவர்கள் மீது மட்டும் சாதிச் சார்போடு பராமரிக்கப்படுவதாக எழுந்துள்ள குற்றச்சாட்டைக் குறிப்பிட்டு, குற்றத்தோடு தொடர்பில்லாதவர்களின் பெயர்கள், குறிப்பாகச் சிறுவர்களுடையவை, இயந்திரத்தனமாக அவற்றில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. செல்போனில் எடுக்கும் படத்தை நான் ஏன் பெரிதாக நினைக்கிறேன் என்பது இப்போது புரியும். 2022ஆம் ஆண்டின் அடையாளச் சட்டப்படி அளவுகளும் படங்களும் எடுக்கத்தக்கவர்கள், தண்டிக்கப்பட்டவர்கள், கைது செய்யப்பட்டவர்கள், தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர்கள், நன்னடத்தைக்கோ அமைதிக்கோ பிணை தர உத்தரவிடப்பட்டவர்கள் ஆகியோர். இவர்களைத் தவிர வேறு யாரிடமாவது எடுக்க வேண்டுமானால் நீதித்துறை நடுவரின் உத்தரவு வேண்டும். லைசென்ஸோடு வழியில் போன மாணவன் இந்த வகை எதிலும் வரமாட்டான்.

ஸ்டேஷனில் மாலை வரை உட்காரவைத்ததைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊரிலும் இருக்கிறது, ஸ்டேஷனிலும் இருக்கிறது. 24 மணி நேரம் வரை யாரையும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 58ஆவது பிரிவில் உள்ள அந்தக் கெடு, கைது செய்யப்பட்டவரை நடுவர் முன் நிறுத்துவதற்கானது. கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், குறிப்பாணை எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும். கைது இல்லையென்றால் அவன் எந்த நேரமும் எழுந்து வரலாம். சாட்சியாக அழைப்பதானாலும் 179ஆவது பிரிவின்படி எழுத்தில்தான் அழைக்க வேண்டும். சந்தேகப்படும் நபராக அழைப்பதானால் 35(3) பிரிவின் அறிவிப்பு வேண்டும், அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. "சும்மா ஒரு விசாரணை" என்ற வகை சட்டத்தில் இல்லை. இரவில் கதவைத் தட்டுவதும் அப்படியே: கண்காணிப்பு என்ற பெயரில் இரவில் வீட்டுக்கு வரும் விதியை 1962இலேயே கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது.

எழுதாத தாளில் வாங்கிய கையெழுத்துதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருகிறது. புலன் விசாரணையில் போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் எழுதப்பட்டாலும் அதில் சொன்னவரின் கையெழுத்தே வாங்கக் கூடாது என்கிறது அதே சம்ஹிதையின் 181ஆவது பிரிவு. அந்தத் தாள் நாளைக்கு ஒரு பிணைப் பத்திரமாகவோ, சமாதானப் பேச்சில் ஒப்புக்கொண்டதாகவோ மாறிவிடலாம். 126ஆவது பிரிவின் கீழ், அமைதிக்குப் பங்கம் விளைவிக்கக்கூடியவர் என்று வருவாய்த் துறை நிர்வாக நடுவரிடமிருந்து ஓர் அழைப்பாணை வந்தால், நம் ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் விசாரணை உண்டு, தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. பத்திரம் எழுதிக் கொடுத்தபின் ஒரு சிறு வழக்கு வந்தாலும் மீதிக் காலத்துக்கு உள்ளே போக நேரிடலாம். அப்படி ஓர் ஆணை வந்தால் தனியாகப் போக வேண்டாம். செலவுக்கு யோசித்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இலவச வழக்கறிஞர் கேட்கலாம், தொலைபேசி எண் 15100.

வேலை பற்றி: விசாரணைக்கு அழைக்கப்பட்டது வழக்கு ஆகாது, முதல் தகவல் அறிக்கையில் பெயர் இல்லாத வரையில், வேலைக்கான படிவத்தில் அவன் எதையும் மறைத்ததாகவும் ஆகாது. ஆனால் பெயர் ஏறிவிட்டால் நிலைமை வேறு. தமிழ்நாட்டுக் காவலர் தேர்வு விதிகளில், சந்தேகத்தின் பலன் தரப்பட்டு விடுதலையானவர்கூடக் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுகிறார். சாவடியில் நிறுத்தப்படும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் காலையில் மைதானத்தில் ஓடிக் காவலர் தேர்வுக்குத்தான் தயாராகிறார்கள் என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

புகார் கொடுத்தால் பகை வளருமா என்கிறீர்கள். ஏட்டையாவின் பெயரைப் போட்டு, "என் மகனை அவமானப்படுத்தினார்" என்று எழுதினால் வளரும். ஆகவே முதல் மனுவைப் புகாராக எழுதாதீர்கள். தகவல் கோரும் கடிதமாக எழுதுங்கள். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடத்தில் என் மகன் நிறுத்தப்பட்டான், படம் எடுக்கப்பட்டது, நிலையத்தில் இத்தனை மணி வரை இருந்தான், எழுதாத தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது. இவற்றுக்கான காரணமும் சட்டப் பிரிவும் எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும், அந்தத் தாள் திருப்பித் தரப்பட வேண்டும், படம் அழிக்கப்பட வேண்டும், அந்த நாளின் சிசிடிவி பதிவு பாதுகாக்கப்பட வேண்டும் என்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் பதிவுசெய்து அனுப்புங்கள். கையிலேயே கொடுப்பதானால் மனு ஏற்பு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். நிலையப் பதிவுகளைக் கூடுமானவரை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தாலும், தாமதிக்காதீர்கள்; அதே ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்த பிறகு போய்ப் பார்த்தபோது, பதிவுகள் அன்றாடம் தாமாகவே அழியும்படி அங்கே அமைத்திருந்தார்கள்.

பதில் வராவிட்டால், சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம். மதுரைக் கிளையில் ரிட் மனுவும் போடலாம். அரசியல் சட்டத்தின் 15ஆவது கூறு சாதியோடு பிறப்பிடத்தையும் சேர்த்துச் சொல்லியிருப்பது அங்கே நமக்குக் கைகொடுக்கும். நீங்கள் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் என்றால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது, ஆனால் முதல் கடிதத்திலேயே அதை எடுக்க வேண்டாம். காவல் புகார் ஆணையம் என்று ஒன்றையும் யாராவது சொல்வார்கள். மாநில அளவில் உள்துறைச் செயலரும் மாவட்ட அளவில் ஆட்சியருமே அதற்குத் தலைமை; 2006இல் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் கேட்டது இதையன்று. நான் அதை நம்பிக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

மகனிடம் சாவடியில் வாதாட வேண்டாம் என்று சொல்லுங்கள். லைசென்ஸைக் காட்டட்டும், ஊரைக் கேட்டால் சொல்லட்டும், தெருவைக் கேட்டால் "லைசென்ஸிலே முகவரி இருக்கு சார்" என்று பணிவாகச் சொல்லட்டும். வீட்டுக்கு வந்தவுடன் தேதி, நேரம், யார் என்ன கேட்டார்கள் என்பதைத் தன் நோட்டில் எழுதி வைக்கட்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் தரப்பில் இருக்கும் மிக வலுவான சான்று உங்கள் மகனின் வாக்கைவிட, பின்னால் உட்கார்ந்து வந்த அந்த நண்பனின் வாக்குதான். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வண்டி, இரண்டு விதமான கேள்வி என்பதை அவன் ஒருவனால்தான் சொல்ல முடியும். இந்தச் சமயத்தில் அவன் பெயரை அவனைக் கேட்காமல் மனுவில் எழுதிவிடாதீர்கள். அவனுடைய தந்தையாரை நீங்களே நேரில் பார்த்துக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் அவன் பார்த்ததை ஒரு பக்கத்தில் எழுதி வாங்கி, மனுவோடு இணையுங்கள். சம்மதிக்காவிட்டால் வற்புறுத்தாமல், உங்கள் மகனின் கடிதத்தை மட்டும் இந்த வாரமே தபாலில் சேருங்கள். அனுப்பும் முன் நகலை எனக்கு அனுப்பினால் திருத்தித் தருகிறேன்.